ஆச்சு அண்ணன்

உலகத்தில் ‘ஆச்சு’ ஆசாமிகள் என்று ஓர் இனம் உண்டு. பஸ் நிற்பதற்குள் இறங்குகிறவர்கள், டாக்டர் மருந்தை எழுதி முடிப்பதற்குள் நன்றி சொல்லி எழுந்துவிடுகிறவர்கள், போனில் “சரி சரி, புரிஞ்சுது” என்று வைத்துவிட்டு, அரை நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டு “ஆமா, என்ன சொன்னே?” என்று கேட்கிறவர்கள் எல்லாரும் இந்த இனம்தான். இவர்கள் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். பொல்லாத சுறுசுறுப்பு. எல்லாரையும்விட முதலில் ஆரம்பிப்பார்கள், எல்லாரையும்விட முதலில் முடிப்பார்கள். நடுவில்தான் கொஞ்சம் விட்டுப்போகும்.

நம் ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். விமானங்களைக் கொண்டுவந்து நிறுத்திப் பழுது பார்க்கிற பெரிய கொட்டகை ஒன்றில் மெக்கானிக். அங்கே அவருக்குப் பெயரே ‘ஆச்சு அண்ணன்’. வீட்டில் அவர் சமையலறைப் பக்கம் வந்தாலே மனைவி அடுப்புக்குக் குறுக்கே வந்து நின்றுகொள்வார். “ஏங்க, கொஞ்சம் பொறுங்க, ஆவி அடங்கட்டும்” என்று அந்த அம்மாள் சொல்லி முடிப்பதற்குள் குக்கர் வெயிட்டைக் கரண்டியால் நெம்பிவிட்டதில், கூரையில் விழுந்த மஞ்சள் கறை இன்றும் இருக்கிறது. அந்தக் கறையையும் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை துடைத்தார். பாதி.

அப்படிப்பட்டவரிடம் ஒரு நாள் காலை, ஜாக்கிலிருந்து காற்றை வெளியேற்றுகிற வேலை வந்து சேர்ந்தது. விமானத்தைத் தூக்கி நிறுத்துகிற ஜாக், மூன்று கால்களோடு ஆள் உயரத்துக்கு நிற்கும். கைப்பிடியை அடித்தால் உள்ளேயிருக்கும் எண்ணெய் தள்ளித் தள்ளி நடுத்தண்டை மேலே ஏற்றும். பழுது பார்த்து எண்ணெய் மாற்றினால் காற்றும் கூடவே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். காற்று இருக்கிற ஜாக்கை நம்ப முடியாது. தண்டு திக்கித் திக்கி ஏறும், பாரம் வந்ததும் சட்டென்று இறங்கினாலும் இறங்கும். வைத்தியம் சுலபம். தலையில் எந்தப் பாரமும் இல்லாமல், எண்ணெய்த் தொட்டியின் காற்றுத் திருகைத் தளர்த்திவிட்டு, தண்டை உச்சி வரைக்கும் ஏற்ற வேண்டும். அடி வரைக்கும் இறக்க வேண்டும். மறுபடி ஏற்ற வேண்டும். காற்றெல்லாம் தொட்டிக்குத் திரும்பி வெளியே போய், தண்டு வழுக்கிக்கொண்டு ஏறுகிற வரைக்கும் இதே வேலை.

“சும்மா ஏத்துறது, சும்மா எறக்குறது. இதுல என்ன வேலை இருக்கு?” என்றார் அண்ணன்.

எட்டு மணிக்கு முதல் காரியமாக, ஜாக் தாளில் ‘காற்று நீக்கப்பட்டது’ என்ற வரிக்கு எதிரே கையெழுத்தைப் போட்டார். பிறகு ஜாக்கிடம் போனார். தண்டை ஒரு தடவை உச்சிக்கு ஏற்றினார். தொட்டியை எட்டிப் பார்த்தால் எண்ணெய் அடியில் கிடக்கிறது. தண்டு மேலே இருந்தால் எண்ணெயும் தண்டுக்குக் கீழேதானே போயிருக்கும்? அதையெல்லாம் யோசிக்க அவருக்கு நேரம் ஏது? டின்னைக் கவிழ்த்து விளிம்பு வரை நிரப்பினார். தண்டை இறக்கினார். போன எண்ணெய் அத்தனையும் திரும்பி வந்து, உட்கார இடமில்லாமல், திருகு வழியாகப் பொங்கி அவர் சட்டையில் குடியேறியது. துடைத்துக்கொண்டே, “ஆச்சு!” என்றார்.

தலைமை மெக்கானிக் வந்தார். அண்ணனைவிட ஆறு வயது இளைய பெண்மணி, அதிர்ந்து பேசாதவர். கைப்பிடியை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார்.

“பஞ்சு மாதிரி அமுங்குதே அண்ணே. உள்ள காத்து இருக்கு.”

“அதெல்லாம் போயிடுச்சும்மா. புஸ்ஸுன்னு போச்சு, என் காதால கேட்டேன்.”

“கையெழுத்து உங்களோடதுதானே?”

“எட்டு மணிக்கே போட்டாச்சு!”

“நல்லது. மத்தியானம் விமானத்தை ஏத்தினதும் மொதல்ல நீங்க கீழ போய்ச் சக்கரத்தைப் பாத்துட்டு வந்துடுங்க. அப்புறம் மத்தவங்களை அனுப்புறேன்.”

“நானா?”

“ஜாக்குக்குக் கையெழுத்துப் போட்டவர்தான் இனிமே மொத ஆளா கீழ போகணும். திங்கட்கிழமையே பலகையில ஒட்டிட்டேனே, படிக்கலையா?”

படித்தார். முதல் வரியைப் படித்து, ஆச்சு என்று நகர்ந்துவிட்டார்.

அண்ணன் விமானத்தை நிமிர்ந்து பார்த்தார். பத்து வருஷமாகப் பார்க்கிற விமானம்தான். இன்றைக்குத்தான் அதற்கு இவ்வளவு பெரிய வயிறு இருப்பது தெரிந்தது. பஞ்சு ஜாக்கின் மேல் தலைமை மெக்கானிக் விமானத்தை ஏற்ற விடமாட்டார் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது. அண்ணனுக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. பயந்துவிட்டார், அவ்வளவுதான். தாளை வாங்கித் தன் கையெழுத்தைத் தானே கோடு போட்டு அடித்தார். ஜாக்குக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

ஏற்றினார், இறக்கினார். மூன்றாம் தடவையும் தண்டு திக்கியது. ஐந்தாம் தடவை தொட்டியில் கடைசிக் குமிழிகள் வெடித்தன. ஏழாம் தடவை தண்டு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. கைப்பிடி கல்லாக நின்றது. தண்டை அடிவரை இறக்கி, எண்ணெயை அளவு பார்த்தார். போதுமே? போதாதாம். இன்னும் இரண்டு தடவை ஏற்றி இறக்கிவிட்டுத்தான் திருகை மூடி, தாளில் மறுபடி கையெழுத்துப் போட்டார். சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

மத்தியானம் விமானம் மேலே ஏறியது. எல்லாரும் தள்ளி நிற்க, அண்ணன் டார்ச்சோடு குனிந்து உள்ளே போனார். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று.

“அண்ணே, ஆச்சா?” என்று தலைமை மெக்கானிக் குரல் கொடுத்தார்.

“இரும்மா, என்ன அவசரம்? இன்னொரு தடவை பாத்துடறேன்!”

நீங்கள் சிரிக்கிறீர்கள். இந்தக் கதை எத்தனை பக்கம் என்று முன்கூட்டியே கண்ணால் அளந்துவிட்டு, ஜாக் சமாசாரம் வந்த இடத்தில் நாலு வரி தாண்டிக் குதித்துத்தானே இங்கே வந்தீர்கள்? பரவாயில்லை, அது யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இன்று காலையில் நீங்களும் எதற்கோ ‘ஆச்சு’ என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதற்குக் கீழே இப்போது யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, பிறகு பக்கத்தைத் திருப்புங்கள்.