உலகம் எந்தத் தாலுகா?

குடியுரிமை வழங்குவதில் உலகத்து அரசாங்கங்கள் அத்தனையும் கஞ்சப் பிசினாறிகள். அதைத் தயிர்சாதப் பொட்டலத்தோடு சேர்த்து வாரி வழங்கிய வள்ளல் ராயப்பன்பட்டி சாலமன் ஒருவர்தான். இது பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய செய்தி. பொன் விற்கிற விலையில், சாதா மையில் எழுதிவைக்கிறோம்.

சரித்திர புருஷர்கள் எல்லோரும் ஒரு சொதப்பலில்தான் தொடங்குகிறார்கள். சாலமனின் சொதப்பல் இரண்டு அங்குல நீளமுள்ள ஒரு கட்டத்துக்குள் நடந்தது. கம்பம் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்த பவானி, நர்சிங் படிப்புக்கான விண்ணப்பத்தை நீட்டி, "சார், உங்க கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு. நீங்களே எழுதிக் குடுங்களேன்" என்றாள். புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் முத்து முத்தாக எழுதிக்கொண்டே வந்தவர், 'நாட்டுரிமை' என்ற கட்டத்தில் வந்து நின்றார். அன்று காலையில்தான் 'நாம் அனைவரும் உலகத்தின் பிள்ளைகள்' என்ற ஏழாம் பாடத்தை நடத்தி, நடத்திய வேகத்தில் தாமே கொஞ்சம் அழுதிருந்தார். அந்த ஈரம் இன்னும் காயவில்லை. பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினார்: 'உலகம்'.

சாலமன் ஒரு தொண்டு நிறுவனத்தின் 'களப் பயிற்றுநர்'. முகாமின் இருபது இளைஞர்களை மூன்றே மாதத்தில் 'உலகக் குடிமக்கள்' ஆக்குவது அவருக்கு இடப்பட்ட பணி. அந்த இருபது பேரில் ஒருவருக்கும் எந்த நாட்டிலும் குடியுரிமை கிடையாது. திட்டத்துக்கு அது ஒரு தடையாகவே படவில்லை. காலிப் பாத்திரத்தில்தானே நிறைய ஊற்றலாம்?

'உலகக் குடிமகன் பயிற்சி, அனைவரும் வருக' என்று பேனர் கட்டியதில், இருபத்தொன்றாவதாக ஒருவரும் வந்துசேர்ந்தார். சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் மொக்கைச்சாமி.

"குடிமகனுக்குப் பயிற்சின்னு போட்டிருக்கீகளே, விட வைக்கவா, பழக்கிவிடவா? வீட்டுல வெவரம் கேட்டு வரச் சொன்னாக."

"மொக்கைச்சாமி, இது வேற குடி."

"எந்தக் குடியா இருந்தா என்ன சார், மத்தியானம் சோறு உண்டுல்ல?"

உண்டு. ஆகவே மூன்று மாதமும் ஒருநாள் தவறாமல் வந்த ஒரே மாணவர் என்ற சாதனை மொக்கைச்சாமியுடையது. மதிய வகுப்புகளில் வாடை வருகிறது என்று அவர் குடிக்கிற நேரத்தை இரவுக்கு மாற்றிக்கொண்டதால், வீட்டிலும் அவருக்கு ஓரளவு மரியாதை திரும்பியிருந்தது. அதைத் திட்டத்தின் 'எதிர்பாராத விளைவு' என்று அறிக்கையில் சேர்த்தார் சாலமன்.

ஒரு புதன்கிழமை பவானியின் விண்ணப்பம் திரும்பி வந்தது. 'உலகம்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிதான் கடைசி. விட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷத்துக்குள் அவளுக்கு வயது கடந்துவிடும். சாலமன் அடித்துப் பிடித்து, தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் இருந்த கல்லூரி அலுவலகத்துக்குப் போனார். ஜன்னலுக்குப் பின்னால் எழுத்தர் ஒச்சாண்டி இருந்தார்.

"உலகம்னு எழுதியிருக்கீக. உலகம் எந்தத் தாலுகா சார்?"

"அது ஒரு பரந்த மனப்பான்மை சார்."

"இருக்கட்டும். பரந்த மனப்பான்மைக்கு அட்டெஸ்டேஷன் யாரு போட்டுக் குடுப்பாக?"

"அப்ப இந்தியான்னு போடவா? பிள்ளை பொறந்தது கம்பம் ஆஸ்பத்திரிதான்."

"பொறந்தது சரி, இந்தியக் குடின்னு அத்தாட்சி இருக்கா?"

"இல்ல."

"சரி, இலங்கைன்னு போடுவோமா?"

"அவ அந்த ஊரைப் பாத்ததே இல்ல சார்."

ஒச்சாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்கனயும் இல்ல, இங்கனயும் இல்லன்னா, யோசிச்சுப் பாத்தா நீங்க எழுதுனதுதான் சரி. ஆனா செல்லாது."

"பின்ன என்னதான் எழுதுறது?"

"எழுதிட்டு வாங்க, செல்லுமான்னு சொல்றேன்."

இதற்குமேல் தெளிவாக ஓர் அலுவலகம் பேச முடியாது. சாலமன் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, சென்னைத் தலைமையகத்தில் இருந்த இயக்குநர் பெனிட்டா மேடத்தை அழைத்தார்.

"மேடம், நாட்டுரிமைக் கட்டத்துல என்ன எழுதணும்?"

"சாலமன், குடியுரிமைங்கறது ஒரு காகிதம் இல்ல. அது ஒரு பயணம்."

"பயணம்னாலே முகாம் ஆபீஸ்ல எழுதி வச்சுட்டுத்தான் போகணும் மேடம்."

"அருமை! இதை ஆண்டு மலர்ல போட்டுக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாரோட உலகக் குடிமகன் சான்றிதழையும் இணையத்துல பதிஞ்சுடுங்க."

சாலமன் அன்றே பதிய உட்கார்ந்தார். இணையதளம் கண்ணைப் பறித்தது. நீல உருண்டை சுழன்றது; வெண்புறாக்கள் பறந்தன. பவானி என்று பெயரைத் தட்டினார். அடுத்த கட்டம்: 'தங்கள் நாடு'. சொடுக்கினால் வரிசையாக நாடுகள் இறங்கின. அவர் விரல் நோகத் தேடினார். கேள்விப்படாத தீவெல்லாம் இருந்தது. 'உலகம்' மட்டும் இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டால், புறா நின்று, சிவப்பில் ஒரு வரி வந்தது: 'நாடு இல்லாமல் உலகக் குடிமகன் ஆக இயலாது.'

இருபது பேருக்கும் இருபது முறை அதே வரி. இருபத்தொன்றாவது பெயரைத் தட்டி, 'இந்தியா'வைச் சொடுக்கியதும்தான் வாத்திய இசை முழங்கிற்று. கம்பம் பள்ளத்தாக்கின் முதல் உலகக் குடிமகனாக மொக்கைச்சாமி பிரகடனம் செய்யப்பட்டார்.

வெள்ளிக்கிழமை பகல் இரண்டரை மணிக்கு, என்ன எழுதுவதென்று தெரியாமலே, மன்னிப்பாவது கேட்டுவிடலாம் என்று சாலமன் முகாமுக்குப் போனார். பவானி இல்லை. "தேனிக்குப் போயிருக்கு, எழுதி வச்சுட்டுத்தான் போச்சு" என்றார்கள். வண்டியை அவர் விரட்டிய விரட்டில் சின்னமனூர் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை.

நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கையில் போய்ச் சேர்ந்தார். ஒச்சாண்டியின் ஜன்னலில் பவானி நின்றிருந்தாள். கையில் புது விண்ணப்பம்; அவள் கையெழுத்து, கோழி கிளறியதுபோல. கூடவே முகாம் அதிகாரியின் கடிதம். ஒச்சாண்டி மேலிருந்து கீழே படித்தார், முத்திரையை ஊதினார், 'டொப்'பென்று குத்தினார்.

"போ ஆத்தா, நல்லாப் படி. எனக்கு ஊசி போட வர்றப்ப மட்டும் மெதுவாப் போடு."

சாலமன் மூச்சிரைக்க எட்டிப் பார்த்தார். அந்தக் கட்டத்தில் 'இலங்கை அகதி' என்று இருந்தது.

"ஏம்மா, நீ பொறந்தது கம்பத்துல."

"அது எனக்குத் தெரியும் சார். கட்டத்துக்குத் தெரியாதுல்ல?"

"இதத்தான் எழுதணும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஆறாப்புல இருந்து எழுதுறேன். நீங்க கேப்பீகன்னு பாத்தேன், கேக்கல. அவ்வளவு சந்தோசமா எழுதிட்டிருந்தீக, தடுக்க மனசு வரல."

சாலமனின் காது சூடாயிற்று. பயிற்சியின் முடிவில் எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வியை, அறிக்கைக்காக இல்லாமல் முதல் தடவையாகத் தமக்காகவே கேட்டார். "உண்மையச் சொல்லு பவானி. மூணு மாசம் நான் நடத்துன பாடம் எப்படி?"

பவானி ரசீதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"பாடம் நல்ல பாடம்தான் சார். ஆளு மாத்தி நடத்திட்டீக. எல்லையெல்லாம் கிடையாதுன்னு எங்ககிட்ட எதுக்குச் சொல்றீக? அத நாங்களா போட்டம்? போட்டவுகள உக்கார வச்சு நடத்துங்க. தயிர்சாதம் நாங்க கட்டிக் குடுக்குறோம்."