இரண்டு கூண்டுக்கும் ஒரே பந்தி

எனக்குக் கோவையாக எழுத வராது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மறதியும் கூடிவிட்டது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு மருந்துச் சோதனையை நான் ஒருத்தியாகவே கவிழ்த்தது மட்டும் மறக்கவில்லை. மறக்க வீட்டில் விடுவதும் இல்லை.

அறுபதுகளின் கடைசி என்று நினைவு. காரைக்குடியில் பச்சிலை மருந்து தயாரிக்கிற ஓர் இடத்தில் எலிக்கூண்டு செய்ய என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். அவருக்குத் தச்சு வேலை. கூண்டு முடிந்ததும், எலிகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும் என்றார்கள். (சீர்வரிசை மாதிரி கூண்டோடு நானும் போய்ச் சேர்ந்தேன்.)

அங்கே சிதம்பரம் சார் என்று ஒருவர், தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். சிறியாநங்கைச் சாறு நாள்பட உள்ளே போனால் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்குமா என்று பார்ப்பது அவர் வேலை. கெடுக்காது என்று தெரிந்தால்தான் மருந்து கடைக்குப் போகும். எனக்கும் வேலை நிரந்தரமாகும்.

வெள்ளை எலிகள், இரண்டு கூண்டு. "ஏம்மா மீனாட்சி, சிவப்பு நூல் கட்டுன கூண்டுக்கு மட்டும் சாயந்தரம் இந்தச் சாற ஊத்துங்க. இன்னொண்ணுக்கு வெறுந்தண்ணி போதும்" என்றார். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. (அந்தக் காலத்தில் எனக்குத் தெரிந்த ஒரே பதில் தலையாட்டல்.)

சார் பஸ்ஸுக்குப் போனதும் ஊற்றப் போனேன். வெறுந்தண்ணிக் கூண்டு எலிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தன. எங்கள் பக்கம் பந்தியில் ஒருவருக்கு வைத்துப் பக்கத்தில் இருப்பவருக்கு வைக்காமல் போனால், பேரன் காலம் வரை சொல்லிக் காட்டுவார்கள். அதிலும் இது மருந்து! சார் சிக்கனம் பிடிக்கிறார் என்று நானே முடிவு செய்து, இரண்டு கூண்டுக்கும் சமமாகப் பங்கிட்டேன். இரண்டு மாதமோ மூன்று மாதமோ, ஒரு நாள் தவறவில்லை. காலையில் அவர் வருவதற்குள் புட்டிகளைக் கழுவித் தண்ணீர் நிரப்பிவிடுவேன். அவ்வளவு சுத்தக்காரி.

கடைசியில் எலிகளின் ரத்தத்தையும் மூத்திரத்தையும் சோதித்தார்கள். இரண்டு கூண்டுக்கும் இம்மி வித்தியாசம் இல்லை. "மீனாட்சி, மருந்து தங்கம்!" என்று குதித்த சார், பிள்ளையார்பட்டிக்கே போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.

அப்புறம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். எல்லாம் பார்த்துவிட்டு, "எலிகளப் பாத்துக்கிட்டது யாரு?" என்றார். பீரோவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்கள்.

"பயப்படாதீக. எப்படிப் பாத்துக்கிட்டீக?"

பாராட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்து, வெளியாட்கள் முன்னால் முதன்முறையாக முழுதாகப் பேசினேன். "ஒரு வஞ்சனையும் இல்லம்மா. ரெண்டு கூண்டுக்கும் சாற சரிபாதியாத்தான் ஊத்துனேன்."

சாரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "ரெண்டுக்குமா! ஏம்மா, ஒண்ணு குடிச்சு ஒண்ணு குடிக்காம இருந்தாத்தானே, கெடுதல் வந்துச்சான்னு ஒப்பிட்டுப் பாக்க முடியும்?"

"அத நீங்க சொல்லலையே சார்." (அன்றைக்கு என்னை என்னவோ பிடித்து ஆட்டியது.)

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சாறு மிஞ்சுனா என்ன செஞ்சீக?" என்றார்.

"பந்தி முடிஞ்சா மிச்சம் பரிமாறுனவளுக்குத்தானேம்மா. நான் குடிச்சிருவேன்."

அவர் சிரிப்பு நின்றது. "சிதம்பரம், அந்த ஊசிய எடுங்க."

எலிக்கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து என் ரத்தத்தை எடுத்தார்கள். கையில் ஒரு சீசாவும் கொடுத்தார்கள். அது எதற்கு என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

கையெழுத்து விழவில்லை. சோதனை முதலிலிருந்து தொடங்கியது. சாறு பூட்டுக்குள் போனது, என் நிரந்தர வேலை காற்றில் போனது. வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "முன்னாடியே சொல்லியிருந்தா ஒன் அளவுக்கும் ஒரு கூண்டு செஞ்சிருப்பேனேடி" என்றார்.

அன்று முதல் வீட்டில் எனக்கு 'மூணாவது கூண்டு' என்று பெயர். இன்றைக்கும் பாயசம் ஊற்றினால், நரைத்த என் மகன் டம்ளரை நீட்டி, "ஆத்தா, நான் சிவப்பு நூலா, வெறுந்தண்ணியா?" என்கிறான்.

என் ரத்தச் சோதனைத் தாளைச் சார் படித்துப் பார்த்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். நானும் கேட்கவில்லை. எண்பது தாண்டிவிட்டது. இரண்டு மாதமா மூன்று மாதமா, எந்த வருஷம் என்பதையெல்லாம் விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள். அந்தத் தாள் எங்காவது கிடைத்தால், என் ஈரல் எப்படி இருந்தது என்பதையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.