பிளம்ஸ் ஜாமுக்கு ஒரு லேபிள்

1989 மே மாதம் முதல் ஞாயிறு, பூசை முடிந்து கோயில் படியிறங்கும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். என் மனைவி அருள்மேரியின் பிளம்ஸ் ஜாமுக்கு லேபிளை நானே கம்ப்யூட்டரில் வரைவது. அதுவரை கம்ப்யூட்டரை நான் கண்ணால் கண்டதில்லை. அதை ஒரு குறையாகவும் நினைக்கவில்லை.

கொடைக்கானல் ஏரிக்கரையில் இருந்த ஓர் ஓட்டல் அவளிடம் அறுபது பாட்டில் ஜாம் கேட்டிருந்தது. அவளுக்கு வந்த முதல் ஆர்டர். மாதக் கடைசி சனிக்கிழமை கொண்டுபோய் இறக்க வேண்டும். ஒரே நிபந்தனை, பாட்டிலில் நல்ல லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். வெறும் பாட்டிலை டூரிஸ்டுகள் தொடமாட்டார்களாம். பள்ளங்கியில் இருந்த அவள் அண்ணன் தோட்டத்திலிருந்து பழம் கூடை கூடையாக வந்துகொண்டிருந்தது. பகலில் கான்வென்ட்டில் தையல் வகுப்பு எடுத்ததால் அவள் ஜாம் கிண்டுவது சாயந்திரத்தில்தான்.

"லேபிள் என் பொறுப்பு," என்றேன்.

"நெசமாவா?"

"மிஷன் ஸ்கூலுக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கு. சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல சும்மாதான் கெடக்காம். கஸ்பார் சார் சொல்லித் தர்றேன்னாரு."

"அப்ப தெனமும் போகணுமோ?"

"போகாம எப்படிப் படிக்கிறது?"

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"தெனம் ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

அவள் முகம் மலர்ந்தது. அருள்மேரி மறைந்து ஒன்பது வருடம் ஆகிறது. அந்த மலர்ச்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதன் அர்த்தம்தான் அன்று எனக்குத் தெரியவில்லை.

கஸ்பார் சார் அந்தப் பள்ளியின் கணக்கு வாத்தியார். கம்ப்யூட்டரைத் தொட அனுமதி பெற்ற ஒரே ஆள். இரண்டு கறுப்பு அட்டைகளை என் முன்னால் வைத்தார். பிளாப்பி என்றார்.

"படம் வரையணும்னா இந்தப் புரோகிராம். எழுத்தும் பார்டரும் வேணும்னா இது. எது வேணும்னு சொல்லுங்க, உங்களுக்குன்னு காப்பி போட்டுத் தர்றேன். காலி பிளாப்பி ஒண்ணுதான் கெடக்கு."

"ரெண்டுல எது சார் நல்லது?"

"நீங்க என்ன செய்யப் போறீங்கங்கறதப் பொறுத்தது."

"நான் நல்லாச் செய்யப் போறேன்."

கஸ்பார் சார் ஒரு பிளாப்பியைக் கம்ப்யூட்டரில் செருகி, மவுஸை என் கையில் திணித்தார்.

முதலில் படம். மவுஸை நகர்த்திக்கொண்டே போனேன். பழத்தின் பாதி வளைவில் மேசை தீர்ந்துவிட்டது.

"சார், மேசை பத்தல."

"தூக்கி மறுபடி நடுவுல வைங்க சார்."

நான்கு சாயந்திரம் பாடுபட்டு ஒரு பழத்தை முடித்தேன்.

"உருளைக்கெழங்கா?" என்றார். மேலே ஓர் இலை வைத்தேன். "இப்ப முள்ளங்கி," என்றார்.

அடுத்த வாரம் எழுத்துக்குத் தாவினேன். பதினோரு வகை எழுத்து, இருபது வகை பார்டர். ஒவ்வொன்றையும் எதனோடு சேர்ப்பது என்று தலை சுற்றியது. கடைசியில் தடித்த எழுத்தும் கறுப்புக் கட்டமுமாக ஒன்றைப் பிரிண்டரில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அருள்மேரி அதைக் கையில் வாங்கியதும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"யாருங்க தவறிட்டாங்க?"

"இது ஜாம் லேபிள்."

"ஓ. அப்ப இந்தப் புரோகிராம்தானா?"

"இதுல படம் வராது. அதுல எழுத்து வராது. ரெண்டுக்கும் நடுவுல கெடந்து அல்லாடுறேன்."

"அவசரப்படாதீங்க. பொறுமையா யோசிங்க."

கல்யாணமாகி இருபது வருடத்தில் என்னிடம் அவள் அவசரப்படாதீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து, இரண்டின் நிறைகுறைகளையும் எழுதினேன். அந்தப் பக்கம் ஒன்பது, இந்தப் பக்கம் ஒன்பது. சோறு இறங்கவில்லை. சனிக்கிழமையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை துணிந்தேன். "எழுத்து!" என்றேன். கஸ்பார் சார் என் மனம் மாறுவதற்குள் காப்பி போட்டு, நான் செய்த லேபிளையும் அதிலேயே சேமித்துக் கொடுத்தார்.

"இந்த ஊர் ஈரத்துக்கு இதுல பூஞ்சை பிடிச்சுரும். ஈரம் படாமப் பாத்துக்கங்க."

பிளாப்பியை ஸ்வெட்டருக்குள் வைத்து, குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அருள்மேரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வீட்லதான் கம்ப்யூட்டர் இல்லையே?"

"பிளாப்பி என்னோடது. எங்கிட்டதான் இருக்கணும்."

வெளியே ஒரே மூடுபனி. எங்கள் ஊரில் எது நமுத்தாலும் கரி கனலும் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில்தான் போகும். உப்பு, தீப்பெட்டி, காலுறை, பைபிள் எல்லாமே அப்படித்தான். பிளாப்பியையும் கணப்புச் சட்டியில் சாய்த்துவைத்தேன். அந்த நேரம் பார்த்து அருள்மேரி ஜெபமாலைக்கு மணியடித்தாள். இருவரும் முழந்தாளிட்டோம்.

ஜெபமாலையின் ஐந்து பத்துகளில் மூன்றாவதைச் சொல்லும்போது ஒரு வாடை வந்தது. பிளாப்பியின் ஒரு மூலை மெதுவாகத் தலைகுனிந்தது. நான் எழப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஜெபமாலைக்கு நடுவே எழுந்திருப்பது கிடையாது. அருள்மேரி கண்ணாலேயே என்னை அழுத்தி உட்காரவைத்தாள். நான்காவது பத்தில் இன்னொரு மூலை போயிற்று. ஐந்தாவதில் நடுப்பகுதி எழும்பியது. இனி மன்றாட்டு மாலை முழுவதும் இருந்தது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று என் வாழ்நாளில் அவ்வளவு உருக்கமாக நான் சொன்னதே இல்லை.

ஆமென் சொல்லி எடுத்துப் பார்த்தபோது பிளாப்பி சுட்ட அப்பளமாக இருந்தது.

"அருள்மேரி, உன் ஆர்டர் போச்சு." பிளாப்பியை அவளிடம் நீட்டினேன். "உனக்கு வந்த மொத ஆர்டர். நாந்தான் கெடுத்தேன். செஞ்ச லேபிளும் இதுலதான் இருந்துச்சு. இனி ஒரு நாள்ல லேபிளுக்கு எங்க போவேன்?"

அவள் என்னை உள் அறைக்குக் கூட்டிப்போனாள். பாட்டில்களின் மேல் தூசிக்காக விரித்திருந்த போர்வையை எடுத்தாள். அறுபது பாட்டிலிலும் லேபிள். ஊதா நிறத்தில் பழம், பச்சை இலை, அதன் கீழே அழகாக அவள் பெயர்.

"வத்தலக்குண்டு அச்சாபீஸ்ல அடிச்சதுங்க. நீங்க கம்ப்யூட்டர்னு பேச்செடுக்குறதுக்கு ரெண்டு நாள் முந்தியே வந்துருச்சு."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா சாயந்திரம் வீட்ல இருப்பீங்கள்ல?"

போன வருடம் அவள் ஜாம் கிண்டும்போது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். சர்க்கரை ஜாஸ்தி என்று சொல்லிப் பாதியைக் குறைக்கவைத்தேன். ஒரே வாரத்தில் பன்னிரண்டு பாட்டிலும் நுரைத்து மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தன. மழையால் அப்படி ஆகியிருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"கஸ்பார் சார் மொகத்துல எப்படி முழிப்பேன்? ஒரு பிளாப்பியப் பாழாக்கிட்டேனே."

"அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நேத்தே ரெண்டு பாட்டில் ஜாம் குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"மூணு வாரமா உங்களப் பாத்துக்கிட்டாருல்ல?"

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் போர்வையை மடித்துக்கொண்டே பேசினாள்.

"ஆகஸ்டுல பேரிக்கா வந்துரும். அதுலயும் ஜாம் போடலாம்னு இருக்கேன். கஸ்பார் சாருக்கு அப்ப புதுசா மூணாவது புரோகிராம் ஒண்ணு வருதாம்."

இந்த வலையில் இனி விழுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முழுதாக ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

"அதுல படம், எழுத்து ரெண்டும் வருமாமா?" என்று கேட்டேன்.