பல் டாக்டர் நாற்காலியில் கேட்ட கிதார்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி, அந்தச் சௌக்கியத்தைக் கொஞ்சம் கெடுப்பதற்காக இதை எழுதுகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, கடைவாய்ப் பல் ஒன்று குறைச்சல், அவ்வளவுதான். விஷயம் பல்லைப் பற்றியதல்ல, தங்கள் தங்கையைப் பற்றியது. நின்றுகொண்டு படிப்பதாக இருந்தால் முதலில் உட்காரவும்.

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தெருமுனைப் பல் டாக்டரிடம் போயிருந்தேன். ஊசி போட்டு, தாடை மரத்து, வாய்க்குள் பஞ்சும் உறிஞ்சுகுழாயுமாக மல்லாந்து கிடக்கிறேன். அறையில் கிதார் இசை ஓடிக்கொண்டிருந்தது. நாமெல்லாம் ரேடியோவில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான அந்தப் பழைய படகுப் பாட்டு என்று இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். மூன்றாவது வரியில் பாட்டைக் காணோம். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பின ஆள் மாதிரி அது தெருத்தெருவாகச் சுற்றுகிறது, சந்துக்குள் நுழைகிறது, யார் வீட்டுக் கதவையோ தட்டிவிட்டு ஓடுகிறது. கூடவே ஒருவர் கம்பித் துடைப்பத்தால் பெருக்குகிற மாதிரி டிரம்ஸைத் தேய்க்கிறார், இன்னொருவர் தடித்த தந்தியைத் தும் தும் என்று சுண்டிக்கொண்டு பின்னாலேயே போகிறார். ஐந்து நிமிஷம் கழித்து, எதுவுமே நடக்காத மாதிரி பல்லவி வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றுகிறது. நல்ல பாட்டை இப்படிப் பாழாக்கினவர்கள் யாரோ என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "எப்படி சார் இருக்கு? நம்ம ஆல்பம்தான்" என்றார்.

"ங்ஆ?" என்றேன்.

"ஜாஸ் சார். பழைய பாட்டு பத்தை எடுத்து நாங்க மூணு பேரு வாசிச்சிருக்கோம். தும் தும்னு வர்ற பேஸ் நானு. டிரம்ஸ் நம்ம டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஆனா கிதாரைக் கேளுங்க. இந்த இடத்துல அக்கா என்ன பண்றாங்க பாருங்க."

"எங்ங அக்ஆ?"

"உங்க வீட்டு அக்காதான் சார். வாயை மூடாதீங்க."

மூடுகிற நிலையில் நான் இல்லை மச்சான். அந்த நொடியில் அவர் பல்லைப் பிடுங்கியிருக்கிறார், எனக்குத் தெரியவே இல்லை. கையில் ஆல்பத்தைக் கொடுத்தார். உறையில் மூன்று பேரின் முதுகு. நடுவில் இருக்கிற முதுகின் மேல் ஒரு பச்சை ஸ்வெட்டர். அது நான் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர்.

நான் யார் என்று தங்களுக்குத் தெரியும். குடிநீர் வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் தரையில் இரும்புக் கம்பியை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, ஆறடி ஆழத்தில் எந்தக் குழாய் எங்கே கசிகிறது என்று சொன்னவன். தார் ரோட்டுக்கு அடியில் சொட்டுவது கேட்ட காதுக்கு, சொந்த வீட்டில் ஒருத்தி கிதார்க்காரி ஆனது கேட்கவில்லையே. பஞ்சைக் கடித்தபடி வீட்டுக்கு நடந்தேன். எதிரே வந்த பால்காரர் வணக்கம் சொன்னார், நான் பதிலுக்கு ஆல்பத்தைக் காட்டினேன் என்று நினைக்கிறேன்.

தங்கள் தங்கை துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உறையை மேஜைமேல் வைத்தேன். அவள் பார்த்தாள். சட்டைக் காலரை முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"டாக்டர் சொல்லிட்டாரா?"

"எவ்ளோ நாளா?"

"ஆறு வருஷமா."

"செவ்வாய், வெள்ளி சாயங்காலம் தையல் கிளாஸுன்னு போனியே."

"ஆமா, சொன்னேன். ஆறு வருஷத்துல ஒரு கைக்குட்டையாவது தைச்சேனான்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? கேட்டா சொல்லணும்னுதான் இருந்தேன். மொதல் வருஷம் தினமும் எதிர்பார்த்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். தண்ணீர் தெளித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். நான் பஞ்சைத் துப்பினேன். ஆல்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தப்பு கண்டுபிடிக்கவே முதலிலிருந்து கேட்டேன். ஏழாவது பாட்டில் தப்பு அகப்பட்டது. தாலாட்டு ஒன்று. நாலாவது வரியில் ஒரு சுரம் அரைக்கட்டை கீழே விழுகிறது. மாட்டிக்கொண்டாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மறுபடி போட்டேன். அதே இடத்தில், அதே சறுக்கல். எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. சவரம் செய்யும்போது அந்தத் தாலாட்டைச் சீட்டியடிப்பது என் வழக்கம். எனக்கு அந்த வரி எட்டாது. கல்யாணமான நாளிலிருந்து தினமும் காலையில் அந்த இடத்தில் நான் சறுக்கியிருக்கிறேன். அது இப்போது ஐந்நூறு பிரதிகளில் இருக்கிறது. மறுநாள் பல் டாக்டரிடம் விசாரித்தேன். "ஆல்பத்துலயே எல்லாரும் பாராட்டுற இடம் அதான் சார். எங்கேர்ந்து புடிச்சீங்கன்னு கேட்டா அக்கா சிரிக்கிறாங்க, சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றார். நானும் சொல்லவில்லை.

இது எங்கே போய் முடியும் மச்சான்? வருகிற ஞாயிறு நூலகக் கூடத்தில் கச்சேரியாம். பேரன் பேத்தி எடுத்த வயதில், அத்தனை பேர் நடுவில், என் சீட்டியை ஊருக்கே வாசிக்கப் போகிறாள். என் பேச்சு எடுபடவில்லை. கூடப் பிறந்த அண்ணன் சொன்னால் கேட்பாள். ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து நாலு நல்ல வார்த்தை சொல்லி அவளைத் தடுத்து நிறுத்த வேண்டியது. தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கங்கள், சின்னவர்களுக்கு ஆசிகள், யாராவது தையல் கிளாஸ் போகிறார்கள் என்றால் ஒரு முறை எட்டிப் பார்க்கவும்.

இப்படிக்கு,
திகைத்துப்போயிருக்கும்
தங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்ததில் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. கச்சேரிக்குப் போனேன், எதிர்ப்பைத் தெரிவிக்கத்தான். முதல் வரிசையில் இடம் பிடித்ததும், ஏழாவது பாட்டை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லி எழுந்து நின்றதும் நான்தான் என்பதை மற்றவர் சொல்லித் தாங்கள் அறிய வேண்டாம். ஆகையால் மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம், புத்தி சொல்ல வரவும் வேண்டாம். ஆனால் ஒரு உதவி. இப்போது தங்கள் தங்கையைத் தினம் ஒரு கேள்வி கேட்பதென்று வைத்திருக்கிறேன். இன்று காலை, சும்மா, "உனக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியுமே, ரெண்டு மெடல்கூட இருக்கு" என்றாள். தாங்கள் அவளோடு கூடப் பிறந்தவர். இன்னும் என்னென்ன மீதி இருக்கிறது என்று தயவுசெய்து மறுதபாலில் எழுதவும்.