தூக்குவாளி அண்ணனும் மூன்று விசைகளும்

மதுரை ஜில்லாவில் தூக்குவாளி அண்ணனைப் போல எதையும் நம்பாத மனிதர் அவருக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் பிறக்கவில்லை. தராசை நம்ப மாட்டார். தராசு பிடிக்கிறவரை அதைவிட நம்ப மாட்டார். ரேடியோவில் மணி ஏழு என்று சொன்னால் வாசலுக்குப் போய்ச் சூரியனைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்வார். உலகத்தில் அவர் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான். அது மூடி தொலைந்துபோன ஒரு தகரத் தூக்குவாளி.

அதன் கைப்பிடியில் ஓர் இரும்புக் கொக்கி மாட்டியிருக்கும். உட்புறம் ஆணியால் கிழித்த ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு வரை தண்ணீர் ஊற்றினால் வாளி, கொக்கி, தண்ணீர் எல்லாம் சேர்ந்து சரியாக ஒரு கிலோ. அதை எதிலாவது தொங்கவிட்டுப் பார்க்காமல் அவருக்குப் பொழுது போகாது.

உத்தியோகம் எடைக்கல் இன்ஸ்பெக்டர். கடை கடையாகப் போய் எடைக்கல்லைச் சோதித்து முத்திரை அடிப்பது வேலை. கீழமாசி வீதிக்குள் அவர் சைக்கிள் நுழைந்தால் பருப்புக் கடைகளில் பேச்சு நின்றுவிடும். "கையிலதான் பெட்டி நிறைய எடைக்கல்லு இருக்கே, அதுல ஒண்ணத் தொங்கவிடலாமேண்ணே?" என்று ஒரு தடவை கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"அது சர்க்கார் கல்லு மாப்ள. கத்திரிக்கா நிறுக்கக்கூட அத வீட்டுக்குள்ள கொண்டுபோக மாட்டேன். நீ என்னடான்னா கண்டதுலயும் தொங்கவிடச் சொல்ற!"

நான் வக்கீல் தொழில் பார்த்த ஜில்லா கோர்ட்டுக்கு ஒரு நாள் சாட்சி சொல்ல வந்தார். நெடுநேரம் ஆளைக் காணோம் என்று தேடினால், கக்கூஸில் தண்ணீர் இழுத்துவிடும் சங்கிலியில் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். வெளியே கட்சிக்காரர்கள் வரிசையில் நெளிந்துகொண்டிருந்தார்கள். "நாலு கிலோ கேக்குது மாப்ள, அநியாயம்! வயசாளிக எப்பிடி இழுப்பாக?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். நாலு கிலோவுக்கு அந்த வாளியில் எப்படிக் கணக்குப் பார்த்தார் என்றால், மீதிக்கு வக்கீல் ஒருவரின் சட்டப் புத்தகங்களை வாங்கிக் கட்டியிருந்தார்.

மகளைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா ஊஞ்சலில் உட்காரப் போனார். "செத்த இருங்க" என்று அவரை நிறுத்திவிட்டு, அம்மிக்கல்லை உருட்டி வந்து ஊஞ்சலில் வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு அந்த மனிதரை மேலும் கீழும் பார்த்து, "இன்னொரு கல்லு வேணும்போல இருக்கே" என்றார். கல்யாணம் நடந்தது. சம்பந்தி மட்டும் அந்த ஊஞ்சலில் கடைசிவரை உட்காரவில்லை.

எனக்கு அவர் பழக்கமானது எழுபதுகளின் கடைசியில், ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தில். அலங்காநல்லூர் போகிற பாதையில் ஒரு பாறைக் கரட்டின் அடிவாரம்தான் எங்கள் சுடுதளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவோம். நிலபுலன் உள்ளவர்கள், ரெண்டு டாக்டர்கள், ஒரு மில் முதலாளியின் மருமகன், அப்புறம் நான். நான் அப்போது தல்லாகுளத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த புது வக்கீல். கட்சிக்காரர்கள் வராததால் கை காலெல்லாம் பரபரத்துக்கொண்டே இருக்கும். உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் விரல் தாளம் போடும். சுடும்போது மட்டும்தான் உடம்பு அடங்கும்.

அண்ணன் அந்தச் சங்கத்தில் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. "சத்தம் ஒத்துக்கிராது மாப்ள" என்பார். ஆனால் அவர் பார்த்து, பாஸ் சொல்லாத துப்பாக்கியை யாரும் சுடக்கூடாது என்பது சங்கத்து வழக்கம். போட்டி விதி சொல்வது சுருக்கமானது: விரல் இழுக்கிற அந்தச் சின்ன விசை ஒரு கிலோ எடையைத் தாங்க வேண்டும். அதற்கு முன்பே விழுந்துவிட்டால், தொட்டால் வெடிக்கிற துப்பாக்கி என்று அர்த்தம். குண்டு இல்லாத துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து, விசையில் கொக்கியை மாட்டி, வாளியை மெல்லத் தூக்குவார். 'டிக்' என்று சத்தம் வராவிட்டால் பாஸ். அப்புறம் காலில் இருக்கும் தோல் செருப்பைக் கழற்றித் துப்பாக்கியின் முதுகிலும் பிடியிலும் நாலு சாத்து சாத்துவார். அடிக்கு விசை விழுந்தாலும் பெயில்தான். காலையில் வீட்டில் சாமி படத்துக்கு மாலை போட்ட கையாலேயே செருப்பை எடுத்து அடிக்கிறாரே என்று மில் மருமகன் முணுமுணுப்பார்.

சங்கத்துக்கு இருந்த பந்தயக் கைத்துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான். அதோடு வந்த விசை கல்லு மாதிரி. அதைக் கழற்றிவிட்டு வேறு விசை மாட்டலாம் என்று ஆளாளுக்குக் கிளம்பியதில் மொத்தம் மூன்று விசைகள் சேர்ந்துவிட்டன. அண்ணன் மூன்றையும் ஒரு துண்டில் பரப்பிவைத்து எனக்குப் பாடம் நடத்தினார்.

"இந்தா, இது கூடவே வந்தது. தாலுகா ஆபீசு விசை. எம்புட்டு இழுத்தாலும் 'நாளைக்கு வா'ங்கும். ஆனா ஆபத்தில்ல. இது நம்ம லேத்து பாய் பித்தளையில கடைஞ்சு குடுத்தது. மாப்பிள்ள வீட்டுக்காரக விசை. மொதல்ல ஒண்ணும் வேணாம், வேணாம்னு பின்னாலயே வரும். ஒரு எடத்துல நிக்கும். அதுக்கப்புறம்தான் வாயத் தொறக்கும். அந்த நிக்கிற எடத்தப் பழகிக்கிட்டீன்னா ஒனக்கு அடிமை."

"மூணாவது?"

மூன்றாவது, மில் மருமகனின் மச்சினர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. கறுப்பாக, வழவழவென்று, பார்த்தாலே விரல் போய் உட்காரும். அண்ணன் அதைச் சுண்டுவிரலால் தள்ளிவைத்தார்.

"இது கண்டக்டர் விசை. நீ படியில ஒரு கால வைக்கிறதுக்குள்ள ரைட்டு சொல்லிருவான்."

எனக்கு அந்தக் கண்டக்டரைத்தான் பிடித்திருந்தது. மாநிலப் போட்டிக்கு ஜில்லாவிலிருந்து ஒருவரை அனுப்பப்போகிறார்கள், அது நானாக இருக்க வேண்டும் என்று வெறி. அந்த விசையில் நினைப்பதும் சுடுவதும் ஒன்றாக நடந்தது. பாயின் விசையில் பழக மாதக்கணக்கில் ஆகும். காத்திருப்பது எனக்குத் தெரியாத வித்தை.

அண்ணன் அதைத் துப்பாக்கியில் பொருத்தி, வாளியைத் தொங்கவிட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். தண்ணீர் கோட்டை எட்டவே இல்லை, 'டிக்' என்றது. அவருக்குத் திருப்தி இல்லாமல் இன்னொரு தடவை மாட்டினார். மறுபடி 'டிக்'.

"பெயிலு மாப்ள."

"அண்ணே, ஒரு விரக்கட தண்ணி கொறையுது. அதுக்குப் போயி..."

"அந்த ஒரு விரக்கடயிலதான் மனுசன் சாவான். பாய் விசைய மாட்டு. வாரேன்." சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு அடுத்த ஞாயிறு. ஒரு தகர டப்பா என் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதா என்று வாரம் முழுக்க அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். ஞாயிறு காலை, கேஸ் கட்டுகளுக்கு ஓட்டை போடும் தமரூசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சுடுதளத்துக்குப் போனேன். அண்ணன் வாளியை வேப்பங்கிளையில் மாட்டிவிட்டுக் குறிப்பலகைகளைச் சரிபார்க்கப் போயிருந்தார். நான் வாளியின் அடியில், மடிப்பை ஒட்டி, ஓர் ஊசி ஓட்டை போட்டேன். எவ்வளவு சுலபமாக இறங்கியது என்பது இன்னும் என் உள்ளங்கைக்குத் தெரியும்.

அவர் திரும்பி வந்து கோடு வரை தண்ணீர் ஊற்றினார். இன்னொரு தடவை பார்க்கச் சொல்லி, கண்டக்டர் விசையைத்தான் துப்பாக்கியில் மாட்டிக் கொடுத்திருந்தேன். கொக்கியை அதில் மாட்டப் போகும் நேரத்தில் கேட்டேன்: "ஏண்ணே, பாய் விசை நடுவுல ஒரு எடத்துல நிக்குதுன்னீங்களே, அது ஏன்?"

அவரிடம் விசையைப் பற்றிக் கேட்பது, கச்சேரிக்காரரை இன்னொரு பாட்டு பாடச் சொல்வதற்குச் சமம். வாளியை ஒரு கையில் பிடித்தபடியே நின்ற இடத்தில் ஆரம்பித்தார். பல்லு, வில்லு, தேய்மானம் என்று பேச்சு வளர்ந்தது. வாளியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீரை அந்தக் காய்ந்த மணல் இருந்த இடம் தெரியாமல் குடித்தது. நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

ஒருவழியாகப் பேச்சு முடிந்து, வாளியை விசையில் மாட்டித் தூக்கினார். சத்தம் வரவில்லை.

அவர் முகம் கோணிப்போனது. "போன வாரம் விழுந்துச்சே..." என்று காலிலிருந்து செருப்பைக் கழற்றினார். அதற்குள் செயலாளர், "அண்ணே, வெயிலு ஏறுது, ஆகட்டும்!" என்று சத்தம் போட்டார். நானும், "அதான் வாளியே சொல்லிருச்சுல்லண்ணே, பெறகு செருப்பு எதுக்கு?" என்றேன். வாளியை வைத்து நான் பேசியதும் செருப்பைக் கீழே போட்டார். "சரி, பாஸு" என்றார், அரை மனதாக.

முதல் சுற்று அற்புதமாகப் போனது. அடுத்த சுற்றுக்குக் குண்டு நிரப்பினேன். யாரோ குறிப்பலகை சாய்ந்திருக்கிறது என்றார்கள். பரபரப்பில், குண்டோடு இருந்த துப்பாக்கியைப் பலகை மேல் வைத்தேன். வைத்தேன் என்பதுகூடத் தவறு, போட்டேன். அதுவும் பக்கவாட்டில் பார்க்கும்படி போட்டேன். பிடி பலகையில் தட்டியது.

வெடித்தது.

இடது பக்கம் அண்ணன் குனிந்து நின்றிருந்தார். மனசு ஆறாமல் வாளியில் மறுபடி தண்ணீர் நிரப்பி, கோட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வாளியின் ரெண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அண்ணன் வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"ரைட்டு சொல்லிட்டான் பாத்தியா?"

யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் அவரிடம்தான் பாய்ந்தார். "நீங்கதான பாஸ் பண்ணீங்க? ஒரு உசுரு போயிருந்தா யாரு பதில் சொல்றது? இம்புட்டு நாளா வாளி, வாளின்னு எங்களையெல்லாம் படுத்தி எடுத்தீங்களே, இதான் அந்த லட்சணமா?"

அண்ணன் ஈரச் சட்டையோடு நின்றார். "ஆமா, நாந்தான் பாஸ் பண்ணேன். விசை வாளியத் தாங்கிருச்சுன்னு சொன்னது நாந்தான். தப்பு என்னுதுதான்" என்றார்.

நான் வாய் திறந்திருக்க வேண்டிய இடம் அது. அந்தத் தமரூசி அப்போதும் என் பைக்குள்தான் இருந்தது. வாதாடிப் பிழைக்கிறவன் நான். ஒரு வார்த்தை பேசவில்லை. இனி விசை பார்க்கும் வேலை அவருக்கு இல்லை என்று அங்கேயே தீர்மானம் ஆனது. கிழிந்த வாளியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போனார். 'வாரேன்' என்றுகூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல நான் எப்போதும் அலைந்ததில்லை. ஒரு தடவை கீழமாசி வீதியில் அவரைப் பார்த்தேன். ஒரு கடையில் எடைக்கல்லை நிறுத்துவிட்டு, முத்திரை அடிக்காமல் மறுபடி நிறுத்தார். மறுபடியும் நிறுத்தார். கடைக்காரர் அரண்டு போய், "சார், கல்லுல ஏதும் கோளாறா?" என்றார். "கல்லுல இல்லய்யா, எனக்குத்தான்" என்றார் அண்ணன். எதையும் நம்பாத மனிதர் கடைசியில் தன்னையும் நம்பாமல் போய்விட்டார் என்று எனக்கு அப்போது புரிந்தது. கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று ரெண்டு எட்டு வைத்தேன். வாய் வரை வந்தது. திரும்பி நடந்தேன்.

ரெண்டு மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமலே அவர் சைக்கிள் சுடுதளத்துக்குள் வந்தது. ஹேண்டில்பாரில் அதே வாளி. நேராக என்னிடம் வந்து அதை நீட்டினார்.

"ஈயம் வச்சு அடைச்சாச்சு மாப்ள. ஈயத்தால கனம் ஏறிருச்சு, அதனால கோட்ட ஒரு நூலு கீழ எறக்கிட்டேன். தண்ணி ஊத்து. ஒழுகுதா பாரு."

வாங்கினேன். குண்டு உள்ளே போன இடத்தில் ஓர் ஒட்டு. வெளியே வந்த இடத்தில் ஓர் ஒட்டு. அடியில், மடிப்பை ஒட்டி, கடுகளவில் இன்னொன்று.

நான் ஊற்றியதில் தண்ணீர் பாதி வெளியே சிந்தியது. அவர் அவசரப்படவில்லை. கோடு வரை நிறைந்ததும் இருவரும் வாளியின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சொட்டு விழவில்லை.

"அண்ணே..." என்றேன்.

"விடு" என்றார். "போட்டி இன்னும் வரலைல்ல. பாய் விசைய எடுத்துட்டு வா. அது நிக்கிற எடம் எதுன்னு காட்றேன். ஒனக்குத்தான் நிக்கவே தெரியாது."

அந்தக் கரட்டடியில் நின்று பழகினேன். தள்ளிப்போன தேர்வில் ஜெயித்து மாநிலப் போட்டிக்கும் போனேன். அங்கே என் பெயர் பட்டியலின் அடியில்தான் இருந்தது, அது வேறு விஷயம். அண்ணனிடம் மறுபடி விசை பார்க்கும் வேலையைக் கொடுத்தார்கள். அன்று அந்த விசை ஏன் தாங்கியது என்று யார் கேட்டாலும், "தகரம் பழசுய்யா" என்று மட்டும் சொல்வார். நானும் அவர் கண்ணை மூடும் நாள் வரை சொல்லவில்லை. சொல்லாததை இப்போது எழுதுகிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போதும் கால் ஆடுகிறது.

தூக்கிப் பார்க்காமல் அவர் எதற்கும், யாருக்கும் பாஸ் சொன்னதில்லை. தூக்கிப் பார்த்து, கோட்டைத் தொடும் முன்பே விழுந்துவிட்டேன் என்று தெரிந்தும் அவர் பாஸ் சொன்னது எனக்கு மட்டும்தான்.