உங்க பட்டி யாரு?

தண்ணீரைப் பற்றி என்னிடம் யாரும் வகுப்பெடுக்கக் கூடாது. நான் தண்ணீரில் முங்கியே முன்னுக்கு வந்தவன். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. (நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான்.) பேரையூர், உசிலம்பட்டிப் பக்கம் எவர் கிணற்றில் மோட்டார் குழாயின் அடிவால்வு அடைத்துக்கொண்டாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். மூச்சைப் பிடித்து உள்ளே போவேன், சரி செய்வேன், வருவேன். அப்படியே வளர்ந்து செல்லூரில் சொந்தமாக மோட்டார் கடை வைத்தேன்.

இப்பேர்ப்பட்ட நான், மதுரையில் ஓர் ஓட்டல் நீச்சல் குளத்தில், இரண்டு ஆள் உயரம்கூட இல்லாத தண்ணீரில் மானத்தை விட்ட கதை இது. மற்றவர்கள் தப்பும் தவறுமாகச் சொல்லித் திரிகிறார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு மருமகன் சரவணன் அந்தமான் பயணம் ஏற்பாடு செய்திருந்தார். சும்மா கடற்கரையில் காலை நனைத்துவிட்டு வருவதில்லை. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போய் மீன் பார்ப்பது. சரவணன் அதை ஏற்கெனவே கற்றவர். நானும் என் மனைவி பேச்சியம்மாளும் முதலில் மதுரையிலேயே குளத்தில் பயிற்சி எடுக்க வேண்டும். தேறினால் கடல். தேறாவிட்டால் படகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தேறுவதில் எனக்கென்ன சந்தேகம்? கடைக்குப் பக்கத்து டீக்கடையில் அன்றைக்கே அறிவித்துவிட்டேன். "கடலுக்கு அடியில எம்பொண்டாட்டி கையப் பிடிச்சு நானே கூட்டிட்டுப் போகப்போறேன்." செல்லூர் முழுக்கப் பரவிவிட்டது. இனிப் பின்வாங்க முடியாது.

பயிற்சிக்கு முன்னால் டாக்டர் சான்று வேண்டுமாம். டாக்டர் என் நெஞ்சைச் சோதித்துவிட்டு, "இந்த வயசுல இப்படியா!" என்றார். (எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.) பயிற்சி கொடுக்க வந்தது ரோஸ்லின் என்ற தூத்துக்குடிப் பெண். கறுப்பு ரப்பர் உடுப்பில் எங்களை நிறுத்தி, முதல் கேள்வியே என்னிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, உங்க பட்டி யாரு?"

பாவம், வெளியூர்ப் பிள்ளை என்று திருத்தினேன். "யாருன்னு கேக்கக்கூடாதும்மா. எதுன்னு கேக்கணும். உசிலம்பட்டி."

குளத்தங்கரையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், அவளைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று.

"மாமா, அது இங்கிலீசு பட்டி" என்றார் சரவணன். "கூட்டாளின்னு அர்த்தம்."

"ஆமா அண்ணாச்சி. தண்ணிக்குள்ள சோடி சோடியாத்தான் போகணும். உங்களுக்கு அக்காதான் பட்டி."

"எனக்கு எதுக்கும்மா சோடி? பாழுங்கிணத்துல ஒத்தையா இறங்குனவன் நான். உள்ள எவன் எனக்குத் துணைக்கு உக்காந்திருந்தான்?"

பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள். "மேல கயிறப் பிடிச்சுக்கிட்டு நின்னது ஆராம்? எங்கண்ணன்ல? நீங்க ஏறி வார வரைக்கும் ஒண்ணுக்குக்கூட ஒதுங்காம நின்னுச்சு."

(மச்சினனை எல்லாம் நான் ஆளாகக் கணக்கெடுப்பதில்லை.)

"தனியா போயி உள்ள காத்து நின்னுட்டா யாருட்ட போவீங்க, மீன்கிட்டயா?" என்றாள் ரோஸ்லின். "சோடி இருந்தா அவங்க சிலிண்டர்ல கூடுதலா ஒரு மஞ்சக் குழாய் இருக்கும். அத வாயில வாங்கிக்கிட்டு ரெண்டு பேருமா மேல வந்துரலாம்."

"பொண்டாட்டிகிட்ட காத்து வாங்குற நெலம எனக்கு வராதும்மா."

அடுத்து சைகைகள். விரலை வட்டமாக மடக்கினால் நலம். கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போக வேண்டும். கையைக் கழுத்துக்குக் குறுக்கே வெட்டினால் காற்று இல்லை. பேச்சியம்மாள் செய்து செய்து பார்த்தாள். நான் அந்த நேரத்தில் ஓட்டல்காரர்களுக்குக் கிணற்று அனுபவங்களை விளக்கிக்கொண்டிருந்தேன்.

முதல் முறை இறங்கினோம். அடியில் ரோஸ்லின் விரலை வட்டமாக்கிக் காட்டினாள். நான் "அருமை" என்று கட்டைவிரலை உயர்த்தினேன். உடனே என் தோளைப் பிடித்து மேலே கொண்டுவந்துவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி, ஏன் மேல வரணும்?"

"நான் எங்கம்மா வரணும்னேன்? சூப்பரா இருக்குன்னுல்ல சொன்னேன்!"

டீ குடிக்க ஏறினோம். சிலிண்டர்களைக் கழற்றி வைத்தோம். இங்கேதான் என் தொழில் அறிவு வேலை செய்தது. திறந்தபடி கிடக்கும் வால்வைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. சமைக்காத நேரத்தில் கேஸைத் திறந்து வைப்போமா? யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றியது. என் சிலிண்டர் வால்வை இறுக்கி, மேற்கொண்டு ஒரு முறுக்கும் முறுக்கி மூடிவிட்டேன்.

திரும்ப மாட்டும்போது பேச்சியம்மாள் கிட்டே வந்தாள். "திரும்புங்க, வால்வு தெறந்திருக்கான்னு பாக்கணும். அந்தப் புள்ள சொல்லுச்சுல்ல?"

"செல்லூர்ல வால்வு விக்கிறவன்டி நான். எனக்கே நீ வால்வு பாக்கப் போறியா? போடி அங்கிட்டு."

போனாள். நான் இறங்கினேன். குழாயில் மிச்சமிருந்த காற்று கொஞ்சநேரம் வந்தது. ராஜா மாதிரிக் குளத்தின் ஆழமான மூலைக்குத் தனியாக நீந்திப் போனேன். அப்புறம் ஒரு இழுப்பு இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு இழுப்பு. அடைத்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுகிற மாதிரி இருந்தது.

பின்னால் திரும்பினால், பேச்சியம்மாள் விடாமல் என்னைத் தொடர்ந்து வந்திருந்தாள். சைகை காட்ட வேண்டும். எந்தச் சைகை? கழுத்தா, வட்டமா? மறந்துபோனது. வாய்க்குக் காற்று வேண்டும் என்பதைத் தமிழனாகப் பிறந்த யாருக்கும் புரிகிற மாதிரி, நான்கு விரலை மடக்கிக் கட்டைவிரலை வாய்க்கு நேரே காட்டினேன்.

எங்கள் பக்கத்தில் அந்தச் சைகைக்கு ஒரே அர்த்தம்தான். "சரக்கு இருக்கா?"

நான் குடியை விட்டுவிட்டதாக அவளிடம் சொல்லியிருந்த காலம் அது. தண்ணீருக்கு அடியில், கண்ணாடிக்குப் பின்னால், அவள் கண் சிவந்தது எனக்குத் தெரிந்தது. இல்லை என்று தலையை ஆட்டினாள். நான் இன்னும் வேகமாகக் காட்டினேன். ஆள்காட்டி விரலை நீட்டி எச்சரித்தாள். உயிர் போகிற நேரத்திலும் எனக்கு ஒன்று உறைத்தது: வீட்டுக்குப் போனால் இன்னொரு பஞ்சாயத்து இருக்கிறது.

அப்புறம்தான் என் வாயிலிருந்து குமிழி வராததைக் கவனித்தாள் போல. அலட்டிக்கொள்ளவில்லை. மஞ்சள் குழாயை எடுத்து என் வாயில் திணித்தாள். என் நெஞ்சுப்பட்டையை, சந்தையில் ஆட்டுக்குட்டியைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டாள். நான் காற்றைக் குடித்தேன். சாமி சத்தியமாக அப்படி ஒரு ருசி எந்தச் சரக்கிலும் கிடையாது. மெதுவாக இருவரும் மேலே வந்தோம். ரோஸ்லின் எங்கள் பின்னாலேயே வந்தாள்.

கரையில் கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டென்று சமாளிக்க வேண்டும். குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு கத்தினேன்.

"ஒண்ணுமில்ல, யாரும் பயப்படாதீங்க! பேச்சியம்மாளக் காப்பாத்திட்டேன்!"

கையில் எடுத்த மஞ்சள் குழாயின் மறுமுனை அவள் சிலிண்டரில் இருந்தது. சரவணன் கைப்பேசியில் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

ரோஸ்லின் என் வால்வைத் தொட்டுப் பார்த்தாள். திருகிப் பார்த்தாள். அசையவில்லை. "இம்புட்டு இறுக்கமா யாரு மூடுனது?" சரவணன் வந்து இரண்டு கையாலும் திறந்தார். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவமானம்.

"அக்கா தேறிட்டாக. அண்ணாச்சி, நீங்க போட்ல இருங்க."

"நான் வேணா தனியா இறங்கிக்கிறேம்மா. யாருக்கும் தொந்தரவு இல்ல."

"தனியாவா? இன்னிக்குத் தனியா இருந்திருந்தா அந்த மூலையில மஞ்சக் குழாய யாரு தந்திருப்பா?"

பேச்சியம்மாளைப் பார்த்தேன். "அவரு இல்லாம நானும் போகல" என்று சொல்வாள், எத்தனை வருட வாழ்க்கை, சொல்லாமல் இருப்பாளா என்று காத்திருந்தேன்.

"போட்டுல வெயிலடிக்கும்" என்றாள். "மறக்காமத் துண்டு எடுத்துக்கங்க."

அந்தமானில் அவள் மருமகனைச் சோடியாகச் சேர்த்துக்கொண்டு கடலுக்குள் போனாள். நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, அவள் செருப்பையும் கைப்பையையும் மடியில் வைத்துக் காவல் காத்தேன். உள்ளே இருந்து மேலே பார்த்துச் சரவணன் எடுத்த படத்தைப் பெரிதாக்கி எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்கள். நடுவில் பேச்சியம்மாள், சுற்றிலும் மஞ்சள் மஞ்சளாக மீன்கள். மேலே படகின் கறுத்த அடிவயிறு. அதன் ஓரத்தில் ஒரு சின்னப் புடைப்பு.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் தவறாமல் கேட்கிறார்கள். "மாமா எங்க காணோம்?"

பேச்சியம்மாள் எழுந்து போய் அந்தப் புடைப்பில் விரலை வைக்கிறாள். "அந்தா, எட்டிப் பாக்குறாருல்ல."

அந்த நிழலிலும் என் மீசை தெரிகிறது. நான் சொன்னால் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.