கார்டியலி அழைக்கிறோம்

வண்டலூர் மச்சான் ஏகாம்பரம் அவர்களுக்கு, மேற்குத் தாம்பரத்திலிருந்து ஜீவானந்தம் கைகூப்பி எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை கனகவல்லியும் மகள் எழிலும் நலம். உங்கள் மூட்டுவலியும் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எழிலின் கல்யாணப் பத்திரிகையை இத்துடன் வைத்திருக்கிறேன். கூப்பிடு தூரத்தில் இருக்கும் வண்டலூருக்குத் தபாலில் பத்திரிகையா, தாய்மாமனுக்கே தட்டு வைத்து அழைப்பு இல்லையா என்று நீங்கள் கொதிப்பீர்கள். ஆனால் நீங்கள் வந்து மாலை எடுத்துக் கொடுக்காவிட்டால் எழில் மணையில் உட்கார மாட்டேன் என்கிறாள். ஆகையால் நடந்ததை முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு கோபப்படுங்கள்.

எல்லாம் ஒரு இங்கிலீஷ் வார்த்தையால் வந்தது. பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில், ஊரெல்லாம் போடுகிற மாதிரி, 'கார்டியலி' அழைக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தேன். மனமார என்று அர்த்தம். பொழிச்சலூர் சம்பந்தி அச்சுதன் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "சம்பந்தி, நான் படிச்ச பழைய நாவல்ல எல்லாம் இந்த வார்த்தை வந்தாலே பின்னாடி 'வெறுத்தான்'னுதான் வரும். மனமார வெறுத்தான். இதைப் போய் கல்யாணப் பத்திரிகையில போடலாமா?" என்றார். நான் விடுவேனா, ஆபீஸில் எத்தனையோ பிரிவு உபசார விழாவுக்கு அந்த வார்த்தையைப் போட்டுத்தான் அழைத்திருக்கிறேன், யாராவது வெறுத்துக்கொண்டா வந்து பஜ்ஜி தின்றார்கள் என்றேன். அவர் 'வார்ம்லி' போடலாம் என்றார். அது கம்பளி விளம்பரம் மாதிரி இருக்கிறது, இந்த வெயிலில் எவன் வருவான் என்றேன். அவர் முகம் சுருங்கிப்போய், காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஒரு வார்த்தைக்காகப் பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

மறுநாள் இருவரும் பம்மலில் உள்ள அச்சகத்தில் சந்தித்து, கம்ப்யூட்டருக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, அந்த ஒரு வரியையே மாற்றி மாற்றி அடிக்கச் சொன்னோம். டைப் செய்கிற ஷீலா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஒரு வரிக்கே இம்மாம் நேரமா? மத்த பார்ட்டியெல்லாம் வெளியில காத்துகினு கீறாங்க" என்றாள். சம்பந்தி பெருமூச்சு விட்டார். "உங்க வார்த்தையே இருக்கட்டும் சம்பந்தி. உங்க வாயில அது வெறுப்பு மாதிரி தெரியல" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சரிபார்க்கக் கொடுத்த தாளில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று இருவரும் பார்த்தோம், இருந்தது, கையெழுத்துப் போட்டோம். இந்த அமளியில் நாள் ஓடிவிட்டதால்தான் நேரில் வர முடியவில்லை. மண்டபம், முகூர்த்தம் எல்லாம் பத்திரிகையில் தெளிவாக இருப்பதால் திருப்பி எழுதவில்லை.

குடும்பத்தோடு முதல் நாளே வந்துவிடுங்கள். அண்ணிக்குக் கனகவல்லியின் வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மாலையை எதிர்பார்க்கும்
ஜீவானந்தம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது எழில் பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள். "அப்பா, எல்லாரையும் மனமாரக் கூப்பிட்டிருக்கீங்க. எங்கேன்னு சொல்லவே இல்லையே" என்றாள். இரண்டு பக்கமும் புரட்டினேன். நாள் இருக்கிறது, நேரம் இருக்கிறது, மண்டபம் இல்லை. சம்பந்திக்குப் போன் செய்தேன். பேனாவோடு வந்துவிட்டார். இப்போது எங்கள் ஹாலில் உட்கார்ந்து, ஒவ்வொரு பத்திரிகையிலும் மண்டபத்தின் பெயரை என்னோடு சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். காபியை மிச்சம் வைக்கவில்லை. இவ்வளவு கூத்துக்குப் பிறகு, நாள் இல்லை என்று சாக்குச் சொல்லி இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. எழுதியதை வீணாக்கவும் மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நாங்களே தட்டோடு வந்து உங்கள் கையில் கொடுக்கிறோம். கோபம் மிச்சமிருந்தால் அப்போது நேரிலேயே திட்டிக்கொள்ளுங்கள், மனமார.